மீனின் வழியும் அணையும்

தேஹு ரோட்டில் வாழும் தமிழர் நன்கறிந்தது இந்திராயணி ஆறு. 1910-களில் டாட்டா நிறுவனத்தார், கோபோலி மின்நிலையத்தின் பொருட்டு, லோனாவளாவில் அதனை வால்வண் அணையால் மறித்தனர். வெள்ளத்தை எதிர்த்தேறி முட்டையிடும் மஹசீர் மீனுக்கு அணை மதிலன்றோ? 1970-களில் அவ்வணையருகிலேயே மஹசீர் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது.

நம் காவிரியில், 1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றபின், கடலினின்று ஏறிவந்த உல்லம் மீன் அருகிற்று. கங்கையிலும் 1975-இல் பராக்கா அணை அம்மீனைத் தடுத்தது.

அமெரிக்கக் கொலம்பியா ஆற்றில், 1980-களிலிருந்து சால்மன் குஞ்சின் உடலுள் அரிசியளவு கருவியைச் செலுத்தி, அணைதோறும் கணக்கெடுக்கின்றனர். பராக்காவிலோ, மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உல்லத்திற்கு அடையாளச் சீட்டுப் பொருத்தி, அணைக்கு மேலே விடுகின்றனர். வலையில் அகப்பட்ட மீனின் சீட்டைச் செம்படவர் திருப்பித் தந்தாலன்றி அது சென்ற வழி புலப்படாது. ஆய்வாளர் அறிவுக்கு ஆற்றோரத்தாரின் நேர்மையே துணை.