டிரம் பிரேக் சரிசெய்தல்

டிரம் பிரேக் சரிசெய்தல் என்பது, சுழலும் டிரம்முக்கும் அதன் உள்ளே இருக்கும் பிரேக் ஷூக்களுக்கும் இடையேயான இடைவெளியை உரிய அளவுக்குக் கொண்டுவரும் பராமரிப்புப் பணி ஆகும். ஷூக்களின் உராய்வுப் பட்டை (லைனிங்) தேயத் தேய இவ்விடைவெளி கூடுகின்றது. பிற்கால வாகனங்கள் பலவற்றில் இது தானாகவே சரியாகிவிடும். பழைய வேன்களில் கையால் செய்ய வேண்டியுள்ளது. செருமனியில் 1967 முதல் 1979 வரை தயாரிக்கப்பட்ட போக்ஸ்வாகன் டைப் 2 வேனின் இரண்டாம் தலைமுறை இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். 1971 ஆம் ஆண்டு மாதிரியில் இவ்வேனின் முன்சக்கரங்கள் டிஸ்க் பிரேக்குக்கு மாறின. பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கே தொடர்ந்தது.

அமைப்பு

ஒவ்வொரு பின்சக்கரத்திலும் இரண்டு ஷூக்கள் உள்ளன. மிதியை அழுத்தும்போது வீல் சிலிண்டர் இவற்றை வெளிப்புறமாகத் தள்ளுகின்றது. கை பிரேக்குக்கு எனத் தனி ஷூக்கள் கிடையாது. அதன் கம்பிவடம் ஒரு ஷூவில் உள்ள நெம்புகோலை இழுக்க, நெம்புகோல் ஒரு குறுக்குச் சட்டத்தின் வழியாக மற்ற ஷூவையும் தள்ளுகின்றது. ஆகவே லைனிங் தேய்ந்தால் மிதி, கை பிரேக் இரண்டுமே தளரும்.

இதனால் ஒரு தவறு பரவலாக நடக்கின்றது. கை பிரேக் தளர்ந்ததும் கம்பிவடத்தை மட்டும் இறுக்கிவிடுவர். அவ்வாறு செய்தால் கை பிரேக் பிடிப்பது போலத் தோன்றும். ஆனால் ஷூக்கள் தம் இயல்பான ஓய்வு நிலைக்குத் திரும்ப இயலாமல் போகும். பின்னர் ஷூக்களைச் சரிசெய்ய முயன்றால் அளவு பொய்யாகும். ஓட்டத்தில் உரசி டிரம் சூடேறவும் கூடும். எனவே முதலில் ஷூ, பிறகே கம்பிவடம்.

அறிகுறி

மிதி ஆழமாக இறங்கி, உடனே மீண்டும் அழுத்தும்போது மேலே நின்றால் இடைவெளி கூடியிருக்க வாய்ப்பு மிகுதி. மிதி பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதை இம்முறையால் தீர்க்க முடியாது.

செய்முறை

கை பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பாமல், தாங்கிகளின் மீது வேனை நிறுத்த வேண்டும். கியர் நடுநிலையில் இருக்க வேண்டும்.

டைப் 2 வேனில் சக்கரத்துக்கு இரண்டு பல்சக்கரத் திருகுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ஷூவுக்கு உரியது. பின்தகட்டில் உள்ள ரப்பர் மூடிகளை எடுத்து, தட்டைத் திருப்புளியால் இவற்றைத் திருப்பலாம். இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் திரும்புவதால் புதியவர்கள் தடுமாறுவது இயல்பே. டிரம்மில் ஷூ தட்டும்வரை இறுக்கி, மிதியை ஓரிரு முறை அழுத்தி ஷூக்களை நடுவில் அமரச் செய்து, சக்கரம் உரசாமல் சுழலும்வரை சில பற்கள் தளர்த்த வேண்டும். இவ்வேனில் எந்திரமும் கியர்பெட்டியும் பின்புறம் இருப்பதால், சக்கரத்தைச் சுற்றும்போது அவற்றின் தடையும் கையில் உணரப்படும். உரசல் ஒலியைக் கவனித்தே இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

அதன் பிறகு கம்பிவடத் திருகாணிகளை, கை பிரேக் நெம்புகோலைச் சில பற்கள் இழுத்தவுடன் இரு சக்கரங்களும் சமமாகப் பிடிக்கும்படி இறுக்க வேண்டும். நெம்புகோலை விட்டதும் இரண்டும் தடையின்றிச் சுழல வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் விடாமல் இருந்தால், பெரும்பாலும் அப்பக்கக் கம்பிவடம் உறைக்குள் துருப்பிடித்திருக்கும். அதை மாற்றுவதே வழி.

தூசு

அக்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இது தடை செய்யப்பட்டுள்ளது எனினும், பழைய வேன்களில் பழைய ஷூக்கள் எஞ்சியிருக்கலாம். கல்நார்த் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் தூசைக் காற்றடித்து ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.