ஏழு எழுத்துக்குள்ள எத்தனை சொல்?

ஈ, ஏ, ரீ. இந்த மூன்று ஆங்கில எழுத்தையும் தந்து, எத்தனை சொல் செய்யலாம் எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்? ‘ரீ’ வரும், தேத்தண்ணி. ‘ஈற்’ வரும், சாப்பிடு. ‘ஏற்’ வரும், அது சாப்பிட்டு முடிந்த கதை. கனபேர் இதோட நிப்பாட்டிவிடுவம். ஆனால் கிரேக்க எழுத்து ஒன்றின் பெயரான ‘ஈற்றா’வும் இதுக்குள்ளதான் இருக்கு.

பத்திரிகைப் புதிரிலும் போனிலும் நாங்கள் பொழுதுபோக்காக விளையாடுகிற இந்த எழுத்துக் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது வேலை போன ஒரு மனுசனில் இருந்து தொடங்குகிறது.

அவர் பெயர் அல்பிரட் பட்ஸ். நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்த பிறகு வந்த பெரும் மந்தத்தில், 1931இல் அவருக்கும் வேலை போனது. வீட்டில் இருந்தவர் ஒரு சொல் விளையாட்டு செய்ய யோசித்தார். எந்த எழுத்தை எத்தனை தடவை பெட்டிக்குள் போடுவது? அதுக்கு அவர் அகராதியைத் திறக்கவில்லை. நியூயோர்க் ரைம்ஸ் போன்ற பத்திரிகைகளை விரித்து வைத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகுது என்று ஒவ்வொன்றாகக் கையாலேயே எண்ணினார்.

அந்த எண்ணிக்கைதான் ஸ்கிரபிளின் அத்திவாரம். ஆங்கிலப் பெட்டியில் இருக்கிற 100 கட்டைகளில் ‘ஈ’ மட்டும் 12. ‘கியூ’வும் ‘இஸட்’டும் ஒவ்வொன்றுதான். அடிக்கடி வருகிற ‘ஈ’க்கு 1 புள்ளி, அருமையாக வருகிற ‘கியூ’வுக்கு 10 புள்ளி. ‘எஸ்’ ஆங்கிலத்தில் நிறைய வரும் எழுத்து. ஆனாலும் பட்ஸ் அதில் 4 கட்டைதான் வைத்தார். ஏனெண்டால், எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் ஒரு ‘எஸ்’ ஒட்டிப் பன்மையாக்கிவிட்டால் விளையாட்டு சப்பென்று போய்விடும்.

விளையாட்டுக் கொம்பனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. 1938இல் அவர் அதுக்கு ஒரு பலகையும் சேர்த்தார். அப்பவும் ஒருத்தரும் வாங்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதை எடுத்து, ‘ஸ்கிரபிள்’ என்று பெயர் வைத்துச் செய்யத் தொடங்கினார். 1949இல் 2,400 பெட்டி செய்தும் 450 டொலர் நட்டம். பிறகு 1950களின் தொடக்கத்தில் ஓர்டர் கை கொள்ளாமல் குவிந்து, ஒரு பெரிய கொம்பனியிடம் செய்யக் கொடுக்க வேண்டி வந்தது.

எங்களுக்கு இந்தக் கதையில் முக்கியமானது பட்ஸ் எண்ணினது. அவர் ஒரு மொழியை எடுத்து, அதைக் கணக்காக மாற்றிவிட்டார். கணக்கு எண்டால் உச்சரிப்புத் தேவையில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சனீர் என்றும் அது கேட்காது.

போட்டிக்காரர்கள் பழகுகிற முறையைப் பாருங்கள். கையில் இருக்கிற எழுத்துகளை முதலில் அகரவரிசையில் அடுக்குவார்கள். ‘ஏ, ஈ, ஐ, என், ஆர், ரீ’ என்று அடுக்கினால், அந்த அடுக்குக்கு இரண்டு சொல் ஞாபகத்தில் வரும்: கண்ணின் விழித்திரையான ‘ரெற்றினா’, வைத்திருத்தல் என்ற பொருளில் ‘ரிரெய்ன்’. ஒரே எழுத்துகளால் ஆன சொற்களுக்கெல்லாம் ஒரே அடுக்குத்தான் வரும். இண்டைக்குக் கணினியும் இதே தந்திரத்தைத்தான் பாவிக்கிறது. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்தையும் இப்படி அடுக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் தருகிற எழுத்தையும் அடுக்கி, இரண்டையும் பொருத்திப் பார்க்கும்.

இதால் என்ன நடந்தது? ஆங்கில ஸ்கிரபிளின் உலகப் போட்டி 1991இல் லண்டனில் தொடங்கியது. 2003இல் வென்றவர் பனுபோல் சுஜ்ஜயகோர்ன், தாய்லாந்துக்காரர். பிரித்தானியர் ஒருநாளும் ஆளாத நாடு அது. 2015இல் பேர்த் நகரில் வென்றவர் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே. காலனி ஆட்சி கொண்டுவந்து வைத்த மொழியில், ஆபிரிக்காவில் இருந்து வந்த முதல் உலக வெற்றியாளர்.

எங்கட நாட்டில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் ஒரு பட்டப்பெயர் இருக்கு: ‘கடுவ’, அதாவது வாள். தமிழ்ப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் அந்த வாளின் கூர் தெரியும். வகுப்பில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டு, பின்வாங்கில் இருந்து வந்த சிரிப்பைக் கேட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறம். ஆனபடியால் பனுபோலின் கதையும் ஜிகேரேயின் கதையும் எங்களுக்குப் பிடிக்கும். பலகைக்கு முன்னால் ஒருத்தரும் உங்கட உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க ஏலாது.

ஆனால் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். அதே 2015இல், நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு கதைக்கத் தெரியாது. சில கிழமைகளில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை எழுத்தெழுத்தாக மனதில் ஏற்றிக்கொண்டு போய், பிரெஞ்சில் பிறந்து வளர்ந்தவர்களை வென்றார். வென்ற பிறகு அங்கிருந்தவர்களோடு பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

எழுத்துக்குள்ள சொல்லைத் தேடுவது ஆங்கிலம் கதைக்கக் கற்றுத்தராது. அது பயத்தைக் கொஞ்சம் எடுத்துவிடும், அவ்வளவுதான். வாள் என்று நினைத்தது உண்மையில் 26 எழுத்துத்தான், எண்ணிப் பார்க்கக் கூடியதுதான் என்று தெரியும். மிச்சத்தை ஆக்களோடு கதைச்சுத்தான் பழக வேணும். பிழை விடுவம், பின்வாங்கில் ஆரும் சிரிப்பினம். பரவாயில்லை, அடுத்த வசனத்தைச் சொல்லுவம்.