கொள்ளிடம்: வேலையே பெயரான ஆறு

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்கு ஒரு கொலைக்கதை உண்டு. திருமங்கையாழ்வார் கோயில் மதில் கட்டியபோது, கூலி கேட்ட ஆட்களை ஓடத்தில் ஏற்றி நடு ஆற்றில் கவிழ்த்தார்களாம், அதனால் ‘கொல்லிடம்’. கதை சுவைதான். ஆனால் ளகரத்தை லகரமாக்கினால்தான் அது ஒப்பேறும். கொள் + இடம், கொள்ளிடம்: காவிரிக்கு மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளும் இடம். இலக்கணமும் இதற்கு இடம் கொடுக்கிறது, ஆறும் அப்படித்தான் ஓடுகிறது.

கோயில் வழக்கில் இதே ஆறு வடதிருக்காவிரி. ஐப்பசியில் மட்டும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில் தீர்த்தம் வரும். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்தில். வடதிருக்காவிரி என்பது திசையைச் சொல்லும் பெயர். கொள்ளிடமோ, பக்கத்து ஆற்றுக்கு இது என்ன வேலை பார்க்கிறது என்பதைச் சொல்கிறது. பெயர் வைத்தவர் இரண்டு ஆற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பார்வையை மேலாளர்களுக்குப் புகட்டத்தான் ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ என்று பாடம் வைக்கிறார்கள். 1956இல் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளிக்குப் போன ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் அதற்குப் பாதை போட்டவர்களில் ஒருவர். சரக்கும் ஆளும் பணமும் எங்கே தேங்குகின்றன, எங்கே ஓடுகின்றன, இங்கே திருகினால் எத்தனை நாள் கழித்து எங்கே வெடிக்கும் என்று பார்க்கச் சொல்லும் பாடம் அது. 2011 முதல் திருச்சியிலேயே ஐ.ஐ.எம். இருக்கிறது. உதாரணத்துக்கு அமெரிக்கா போவானேன்? காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சரிவு அதிகமுள்ள கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டே போனது. காவிரி வாய் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் தட்டியது. ஆர்தர் காட்டன் 1836-38இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது, கொஞ்சம் அதிகமாகவே. இப்போது காவிரியின் படுகை அரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் படுகைச்சுவர் போடவேண்டியதாயிற்று. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொரு நோயைக் கிளப்பிய கதை! வெள்ளைக்காரன் வரைபடத்தில் கொள்ளிடம் ‘கோலரூன்’. கொள்வதும் போய், இடமும் போய், வெறும் ஓசை.

இன்றும் வெள்ளம் வந்தால் ‘உபரி நீர் கொள்ளிடத்தில் திறப்பு’ என்று செய்தி வரும். கூடவே ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்ற புலம்பலும். வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கும் மணல்வெளி என்றுதான் கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்குப் படும். அந்த மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் திருச்சி மாநகரக் குழாய்களுக்கு ஒரு பங்கு குடிநீர் ஏறுகிறது.