பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்துக் கொட்டுதா? இதயத்தில் இந்தப் பிரச்னை இருக்கலாம்! ‘அல்காப்பா’ என்றால் என்ன?

உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் ரத்தம் தேவை. அதைக் கொண்டுவருபவை கரோனரி ரத்தக்குழாய்கள். வலது, இடது என இரண்டுமே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஓடும் மகாதமனியில் இருந்துதான் கிளம்ப வேண்டும். ஆனால், சுமார் 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இடது குழாய் நுரையீரல் தமனியில் இருந்து கிளம்பிவிடுகிறது. இதுதான் ‘அல்காப்பா’.

பிறந்தவுடன் ஏன் தெரிவதில்லை?

பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம். அதனால் இடது குழாயில் ரத்தம் ஓடிவிடும். சில வாரங்களில் அழுத்தம் குறைந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். வலது குழாய் வழியாக வரும் நல்ல ரத்தம்கூட, இதயத் தசைக்குப் போய்ச் சேராமல் நுரையீரல் தமனிக்குள் வடிந்துவிடும். விளைவு, கைக்குழந்தைக்கே மாரடைப்பு!

அறிகுறிகள் என்னென்ன?

* பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது
* பாதியிலேயே நிறுத்திவிட்டு வீறிட்டு அழுவது
* முகம் வெளிறிப்போவது
* எடை கூடாமல் இருப்பது

‘வயிற்று வலியா இருக்கும்’, ‘உரம் விழுந்திருக்கும்’ என்று வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதில்தான் நாள் ஓடிவிடுகிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால் சுமார் 90 சதவீத குழந்தைகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. இசிஜி, எக்கோ பரிசோதனைகளில் இதைக் கண்டுபிடிக்கலாம். சில நேரம் சிடி ஸ்கேனும் தேவைப்படும்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

மாத்திரை, மருந்தால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு, இடது குழாயை அதன் வாய்ப்பகுதியோடு வெட்டியெடுத்து, மகாதமனியில் தைத்துவிடுவார்கள். நுரையீரல் தமனியில் விழுந்த ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைப்பார்கள். குழாய் எட்டாத தூரத்தில் இருந்தால், நுரையீரல் தமனிக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதை அமைத்து மகாதமனியோடு இணைப்பதும் உண்டு. 1979-ல் ஜப்பானின் டகேயுச்சி குழு வெளியிட்ட முறை இது.

முன்பு இடது குழாயை முடிச்சுப்போட்டு அடைத்துவிடும் வழக்கமும் இருந்தது. அப்படிச் செய்தால் முழு இதயமும் ஒரே குழாயை நம்பியிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது இரண்டு குழாய்களையும் இயங்க வைப்பதே இலக்கு.

பிறகு?

மிகவும் பலவீனமான இதயத்துக்கு ஆபரேஷன் முடிந்தும் சில நாட்கள் இயந்திர உதவி தேவைப்படலாம். ஆனால், குழந்தையின் இதயத் தசைக்கு மீளும் திறன் அதிகம். ரத்தம் சரியாகக் கிடைக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் சில மாதங்களிலேயே இதயம் தேறிவிடும். அதன்பிறகும் வாழ்நாள் முழுக்க செக்கப் அவசியம்.

பால் குடிக்கும்போது வியர்க்கிற எல்லா குழந்தைக்கும் இந்தப் பிரச்னை இருக்காது. ஆனா, வியர்வையோடு மூச்சிரைப்பும் எடை குறைவும் சேர்ந்தால், உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.