கைநாட்டும் வாக்குமூலமும்: புள்ளலூரிலிருந்து மண்டபம் வரை

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று மைசூரின் ஐதர் அலியுடன் நடந்த போரை ஒட்டி மாண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான கேப்டன் ஹிஸ்லாப், கர்னல் பிரவுன் ஆகியோருக்காக எழுப்பப்பட்டவை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததும் இதே மண்ணில்தான். செத்த சிப்பாய்களுக்கும், விளைச்சலைப் பறிகொடுத்த குடியானவர்களுக்கும் அந்தக் கற்களில் பெயர் இல்லை.

1785 பிப்ரவரி 28 அன்று, ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் குறித்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசிய எட்மண்ட் பர்க், ஐதரின் படையெடுப்பில் ஆர்க்காட்டைச் சூழ்ந்த கர்நாடிக் பகுதி பாழானதை விரித்துரைத்து, நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களையும் கம்பெனியாரையும் குற்றம் சாட்டினார். ஓர் அரசு அயல்மண்ணில் செய்ததை, அங்கே துன்புற்ற குடிகளுக்காகக் கேள்வி கேட்ட தொடக்க கால முயற்சி அது. ஆனால் பர்க் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. புள்ளலூர்க்காரர் ஒருவரின் வாய்ச்சொல்லும் அந்த அவையை எட்டவில்லை.

அந்தக் குறையைப் பின்னாளில் தீர்க்க முயன்றவை பொதுமக்கள் சங்கங்களே என்பது என் கருத்து. 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது. அதையொட்டி, பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, கிழிந்த உடையும் கையில் தலைப்பாகையுமாகக் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிந்தது. காந்தியின் தமிழ் எழுத்தரே நடந்ததைக் கேட்டு எடுத்துச் சொன்னார். மருத்துவரின் சான்றோடு வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போனது. தாய்மொழியில் கேட்டுப் பெற்ற விவரம், உடனே பெற்ற மருத்துவச் சான்று, சட்ட நடவடிக்கை: இன்றைய மனித உரிமைக் கண்காணிப்பின் கூறுகள் இங்கேயே தென்படுகின்றன.

1896 அக்டோபரில் காந்தி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்தது பாலசுந்தரத்தின் கதைதான். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளைச் சொல்லும் துண்டுநூலைச் சென்னைக்காக 10,000 படிகள் மறுபதிப்பித்தார். பின்னர் சென்னைப் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 1910இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சென்னையில் இறங்கிய சத்தியாக்கிரகிகளை வரவேற்று ஆதரித்தார். 1911 ஜூலையில் நேட்டாலுக்குக் கூலி அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1913 நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு சென்னையிலேயே தென்னாப்பிரிக்க அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். மறு ஆண்டு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரி ஒழிந்தது.

துன்புற்றவரின் சொல்லை யார் கேட்பது என்ற இந்தக் கேள்வி சுதந்திர இந்தியாவில் கடுமையாக எழுந்தது 1992இல். முந்தைய ஆண்டு மே 21 அன்று, இதே காஞ்சி வட்டாரத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் அகதி முகாம்களில் கட்டுப்பாடுகள் இறுகின. 1992 ஜனவரியில் ஈழத்தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விரும்பித்தான் போகிறோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது உரிமை அமைப்புகளின் முதன்மைக் குற்றச்சாட்டு. படிக்க முடியாத தாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? நேட்டால் ஒப்பந்தத்தில் கூலிகள் வைத்த கைநாட்டுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். அகதிகள் விரும்பித்தான் திரும்புகிறார்களா என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையம் சரிபார்க்க வேண்டும், விரும்பாதோரை முகாமிலேயே இருக்க விட வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆகவே வழக்குமன்றமே மிஞ்சிய வாசல். 1992இலேயே ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. அயலுறவு முடிவொன்றில் வெளியார் கண் படுவதை அரசு ஒப்புக்கொண்டது சிறிய செய்தியல்ல. ஆனால், உலக அமைப்பு ஒன்று சரிபார்க்கும்போது சம்மதத்தின் தன்மையைத் தான் ஆராய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அது அவசரமான ஒதுங்கல் என்றே கருதுகிறேன். ஆணையத்தார் பார்த்ததோ பெரும்பாலும் புறப்படக் காத்திருந்தவர்களை. முகாம்களுக்குள் தடையின்றிப் போய்வர அவர்களுக்கு வழியில்லை.

1995க்குள் ஏறத்தாழ 54,000 பேர் திரும்பியிருந்தனர். அந்த ஆண்டு ஏப்ரலில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. 1996இல் இராமேசுவரக் கரையில் படகுகள் மறுபடி ஒதுங்கின. அருகிலுள்ள மண்டபம் அகதி முகாமில் பெயர்ப்பதிவு புதிதாகத் தொடங்கியது.