கார்டு கையில இருக்கு, லிஸ்ட்ல பேர் இல்ல

இந்த எபிசோடுக்கு விதை போட்டது அமெரிக்காவுல வேலை பார்க்கிற ஒரு காலேஜ் நண்பன். 2025 மார்ச் 25 அன்னிக்கு டிரம்ப் தேர்தல் சம்பந்தமா ஒரு நிர்வாக ஆணை போட்டார். அதோட ஆரம்பத்துலயே இந்தியாவும் பிரேசிலும் வாக்காளர் அடையாளத்தை பயோமெட்ரிக் தகவலோட இணைக்கிறாங்கன்னு ஒரு வரி வரும். நண்பன் அந்த வரியை அனுப்பி, "பாத்தியா, நம்ம ஊர்லயே வோட்டர் ஐடி வச்சு கள்ள ஓட்டை ஒழிச்சிட்டோம். இங்க இன்னும் கூடாதுன்னு சண்டை போடறானுங்க" அப்படின்னான்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் பாட்டி. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். எங்க ஊர் ஸ்கூல் பூத்ல வெயில்ல வரிசையில நின்னு உள்ள போனாங்க. கையில ஒரிஜினல் வாக்காளர் அட்டை, லேமினேஷன் ஓரம் பிரிஞ்ச பழைய கார்டு. அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்த்துட்டு, "பேர் இல்லையே பாட்டி" அப்படின்னார். கார்டு உண்மை, முகம் உண்மை, ஆனா ஓட்டு இல்ல. வெளிய நின்ன பக்கத்து வீட்டுப் பையன், "பாட்டி, 49 பி கேளுங்க" அப்படின்னு குரல் கொடுத்தான். 'சர்கார்' படம் பண்ண வேலை அது.

அந்த 49 பி பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள்ல வர்ற விதி அது. உங்க பேர் பட்டியல்ல இருக்கணும், ஆனா உங்க பேர்ல வேற யாரோ ஏற்கனவே போட்டுட்டுப் போயிருக்கணும். அப்பத்தான் உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தருவாங்க. அதை இயந்திரத்துல சேர்க்க மாட்டாங்க, தனிக் கவர்ல போட்டு மூடிடுவாங்க. ஓட்டு எண்ற அன்னிக்கும் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டாங்க. பின்னால வழக்கு வந்து கோர்ட் சொன்னாத்தான் உண்டு. 2019ல இன்னொரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும் சுத்திச்சு: பட்டியல்ல பேர் இல்லைனாலும் ஆதாரைக் காட்டி 49 ஏ-ல 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம்னு. அப்படி ஒரு வழியே கிடையாது. 'சேலஞ்ச்'னு விதியில இருக்கறது வேற. பூத்ல உட்கார்ந்திருக்கிற ஏஜெண்ட், வந்திருக்கிறவர் அந்த ஆள் இல்லைன்னு 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கிறது. ஆமா, 2 ரூபாய்தான். இன்னும் ஏத்தல.

ஆக, பட்டியல்ல பேர் இல்லாத என் பாட்டிக்கு எந்த விதியும் உதவல. சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஆத்தென்டிகேஷன் வேற, ஆத்தரைசேஷன் வேற. நீ யாருன்னு நிரூபிக்கிறது ஒண்ணு, உனக்கு உள்ள வர அனுமதி இருக்கான்றது இன்னொண்ணு. நம்ம நாட்டுல 70 வருஷமா முதல் கேள்விக்குத்தான் சத்தம் அதிகம். உண்மையான சண்டை ரெண்டாவதுல நடந்திருக்கு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

முதல் பொதுத்தேர்தல், 1951–52. சுமார் 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன்னாடி விநோதமான ஒரு பிரச்சினை வந்துச்சு. பட்டியல் எடுக்கப் போனவங்ககிட்ட லட்சக்கணக்கான பெண்கள் தங்களோட பேரைச் சொல்லல. இன்னாரோட மனைவி, இன்னாரோட அம்மான்னுதான் பதிவாச்சு. பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் பக்கம். வெளி ஆம்பளைகிட்ட பேர் சொல்றது அங்க வழக்கமில்லை. சொந்தப் பேர் இல்லாத பதிவை ஏத்துக்க முடியாதுன்னு சென் உறுதியா நின்னார். பேரைத் திருத்திக் கொடுக்க பீகாருக்கு மட்டும் ஒரு மாசம் கூடுதல் அவகாசமும் கொடுத்தாங்க. அப்படியும் கடைசியில நாடு முழுக்க கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பட்டியல்ல இல்லாம போனாங்க.

சென் செஞ்சது சரியா? எனக்கு ரெண்டு மனசு. அடுத்தடுத்த தேர்தல்கள்ல பெண்கள் சொந்தப் பேரோட வந்ததுக்கு அந்தக் கறார் உதவியிருக்கும். ஆனா அந்த ஒரு தேர்தல்ல 28 லட்சம் பேருக்கு ஓட்டு போச்சு. அவங்கள்ல ஒருத்தர்கூட கள்ள ஓட்டு போட வந்தவங்க இல்ல.

கள்ள ஓட்டுக்கு அப்போ இருந்த மருந்து, மை. முதல் தேர்தல்லயே விரல்ல மை வச்சாங்க. இப்ப நாம பார்க்கிற, சில்வர் நைட்ரேட் கலந்த மைசூர் மை 1962ல இருந்து வருது. மைசூர் மகாராஜா காலத்துல 1937ல தொடங்கின பெயிண்ட் கம்பெனிதான் இன்னிக்கும் நாட்டுக்கே சப்ளை பண்ணுது. யோசிச்சுப் பாருங்க, மை உங்களை யாருன்னு கேக்கறதே இல்ல. ஒரு ஆளு, ஒரு தடவை, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத, ஒரு காகிதமும் இல்லாத மனுஷனையும் வெளிய தள்ளாத பாதுகாப்பு அது. நான் பார்த்ததுலயே எளிமையான டிசைன்.

புகைப்பட அட்டை யோசனையும் பழசுதான், சேஷன் கண்டுபிடிச்சது இல்ல. 1958லயே அதுக்குச் சட்டத்திருத்தம் வந்தாச்சு. கொண்டுவந்த சட்ட அமைச்சர் அசோக் குமார் சென், சுகுமார் சென்னோட தம்பி. 1960ல கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தல்ல சோதனை பண்ணாங்க. சுமார் 3.4 லட்சம் வாக்காளர்ல ஏறக்குறைய 2.1 லட்சம் பேரைத்தான் போட்டோ எடுக்க முடிஞ்சது. பல பேர் வீட்டுல இல்ல, பல பெண்கள் கேமரா முன்னாடி நிக்க மறுத்தாங்க. மூணுல ஒரு பங்கு ஆளுங்களைத் தவறவிடற ஒரு சிஸ்டத்தை புரொடக்‌ஷன்ல விட முடியாதுல்ல? விட்டுட்டாங்க. அப்புறம் 1979ல சிக்கிம்லதான் அட்டை வந்துச்சு.

இதுக்கு நடுவுல நாட்டுல பெரிய அளவுல நடந்த மோசடி என்ன? ஒருத்தன் இன்னொருத்தன் பேரைச் சொல்லி பூத்துக்கு வந்து ஏமாத்தறது மட்டும் இல்ல. 1957ல பீகார் பேகூசராய் பக்கம் ரசியாஹிங்கிற ஊர்ல நடந்ததைத்தான் முதல் 'பூத் கேப்சரிங்'னு சொல்வாங்க. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து பூத்தையே பிடிச்சுக்கிறது. கத்தி, துப்பாக்கியோட வர்றவன்கிட்ட யாரு கார்டு கேப்பா? அது எவ்வளவு பரவிச்சுன்னா, 1989ல அதைத் தனிக் குற்றமாவே சட்டத்துல சேர்க்க வேண்டியதாச்சு. அது குறைஞ்சதுக்கு நிறைய காரணம் உண்டு: மத்தியப் படைகள், பல கட்டமா நடத்தற தேர்தல், நிமிஷத்துக்கு நாலஞ்சு ஓட்டுக்கு மேல விழாத மின்னணு இயந்திரம். அந்த வரிசையில கார்டு கொஞ்சம் பின்னாலதான் நிக்குது.

இப்ப சேஷன். பாலக்காட்டுத் தமிழர், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ்., 1990 டிசம்பர்ல இருந்து ஆறு வருஷம் தலைமைத் தேர்தல் ஆணையர். 1993 ஆகஸ்ட்ல எல்லாருக்கும் புகைப்பட அடையாள அட்டை கொடுக்கச் சொல்லி உத்தரவு. 1995 ஜனவரி 1க்குள்ள கொடுக்கலைன்னா தேர்தலே நடத்த மாட்டேன்னார். மாநில அரசுகள் காசு இல்லைன்னு கதறினாங்க. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. கார்டு இல்லைங்கிறதுக்காக மக்களோட ஓட்டை மறுக்க முடியாது, தேர்தலையும் தள்ளிக்கிட்டே போக முடியாதுன்னு ஆச்சு. ஆனா கார்டு வேலை நிக்கல. மெல்ல மெல்ல நாடு முழுக்க வந்துச்சு.

சேஷனை எனக்குப் பிடிக்கும். சுவர் விளம்பரம், செலவுக் கணக்கு, நடத்தை விதி எல்லாத்துக்கும் பல் வச்சவர். ஆனா அதே காலகட்டத்துல நடந்த இன்னொரு விஷயத்தை நாம பேசறதே இல்ல. டெல்லி, பம்பாய் குடிசைப் பகுதிகள்ல ஆயிரக்கணக்கானவங்களுக்கு நோட்டீஸ் போச்சு, நீ இந்தியக் குடிமகன்தான்னு நிரூபின்னு. பம்பாய்ல மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல. இவங்கல்லாம் ஏற்கனவே பட்டியல்ல இருந்து ஓட்டுப் போட்டவங்க. பல இடத்துல போலீஸ் வந்து விசாரிச்சுது, ரேஷன் கார்டை ஏத்துக்கல. 1995ல லால் பாபு ஹுசைன் வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த நடவடிக்கையை ரத்து பண்ணுச்சு. ஒருத்தர் பேர் பட்டியல்ல ஏற்கனவே இருந்தா, உரிய முறையிலதான் சேர்த்திருப்பாங்கன்னு எடுத்துக்கணும். நீக்கணும்னா ஆட்சேபிக்கிறவங்கதான் காரணம் காட்டணும், அவர் தரப்பையும் கேக்கணும். கார்டு பத்தின செய்தி பாட்டி வரைக்கும் போச்சு. இந்தத் தீர்ப்பு வக்கீல்களைத் தாண்டி வரல.

அப்புறம் 2015ல ஆதாரை வாக்காளர் எண்ணோட இணைக்க ஆரம்பிச்சாங்க. அந்த ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவால நின்னுது. நின்னதுக்குள்ள தெலங்கானா, ஆந்திரா பக்கம் நிறைய வேலை நடந்திருந்தது. 2018 டிசம்பர்ல தெலங்கானா சட்டமன்றத் தேர்தல். பூத்துக்குப் போன ஏகப்பட்ட பேருக்கு பட்டியல்ல பேர் இல்ல. பேட்மிண்டன் வீராங்கனை ஜுவாலா குட்டாவும் அதுல ஒருத்தர். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்பு கேட்டார். ஆதார் இணைப்புதான் காரணம்னு ஒரு தரப்பு, இல்லைன்னு அதிகாரிகள். எது காரணமா இருந்தாலும், மன்னிப்பு வந்தப்போ தேர்தல் முடிஞ்சிருந்தது.

நண்பனோட அமெரிக்காவுக்கு ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடலாம். அங்க நாடு முழுக்க ஒரே அடையாள அட்டைன்னு ஒண்ணு கிடையாது. இந்தியானா மாநிலச் சட்டத்தை 2008ல அவங்க சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. ஆனா அந்த மாநிலத்துல பூத்துக்கு நேர்ல வந்து ஆள்மாறாட்டம் பண்ணதுக்கு ஒரு சாட்சியம்கூட வழக்குல இல்லைன்னு தீர்ப்பே சொல்லுது. அதே வருஷம் அங்க சவுத் பெண்ட் ஊர்ல வயசான கன்னியாஸ்திரிகள் சில பேர் சரியான ஐடி இல்லாம திரும்பிப் போனாங்க. கார்டு கேக்கறது தப்புன்னு நான் சொல்லல. அரசே வீட்டுக்கு வந்து இலவசமா கொடுத்துட்டு கேட்டா அது ஒரு மாதிரி. நீயே போய் வாங்கிட்டு வான்னா வேற மாதிரி. நம்ம ஊர்ல கார்டு இல்லைன்னாலும் போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக்ல இருந்து நூறு நாள் வேலை அட்டை வரைக்கும் ஒரு டஜன் மாற்று உண்டு. அந்த நிர்வாக ஆணையோட வரி அதைச் சொல்லல.

கடைசியா 2025. ஜூன் 24 பீகார்ல 'சிறப்புத் தீவிரத் திருத்தம்', எஸ்.ஐ.ஆர்., அறிவிச்சாங்க. நிரூபிக்க 11 ஆவணங்கள் கேட்டாங்க. அந்தப் பதினொண்ணுல ஆதார் இல்ல, ரேஷன் கார்டு இல்ல, வாக்காளர் அட்டையும் இல்ல! சேஷன் ஒத்தக் கால்ல நின்னு வாங்கிக் கொடுத்த, தேர்தல் ஆணையமே அச்சடிச்ச அட்டை. ஆணையத்தோட வாதம், பழைய பட்டியலை வச்சு வந்ததுதானே கார்டு, பட்டியலையே சரிபார்க்கும்போது அதை எப்படி ஆதாரமா எடுக்கிறதுன்னு. லாஜிக்கா தப்பில்ல. ஆனா அதைக் கையில வச்சிருக்கிற பாட்டிக்கு யாரு விளக்குவா?

ஆகஸ்ட் 1ல வந்த வரைவுப் பட்டியல்ல 65 லட்சம் பேர் இல்ல. யாரு, ஏன்னு காரணத்தோட வெளியிடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் விவரம் வந்துச்சு. செப்டம்பர்ல ஆதார் 12வது ஆவணமாச்சு. இறந்தவங்க, ஊர் மாறினவங்க பேர் பழைய பட்டியல்ல நிறைய கிடந்ததும் உண்மைதான், அதை மறுக்கிறவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். அதே ஆகஸ்ட்ல ராகுல் காந்தி, பெங்களூரு மகாதேவபுரா தொகுதியில ஒரு லட்சத்துக்கு மேல போலி ஓட்டு இருக்குன்னு குற்றம் சாட்டினார், ஆணையம் மறுத்துச்சு. ஒரு பக்கம் இல்லாதவங்களைச் சேர்த்தாங்கன்னு புகார், இன்னொரு பக்கம் இருக்கிறவங்களை நீக்கினாங்கன்னு புகார். ரெண்டும் பட்டியலைப் பத்தி. பூத் வாசல்ல கார்டைக் காட்டறதால ரெண்டுல எதுவும் தீராது.

நவம்பர்ல எஸ்.ஐ.ஆர். தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு. டிசம்பர் 19 வரைவுப் பட்டியல்ல சுமார் 97 லட்சம் பேர் குறைஞ்சிருந்தது. பாட்டியை 2024 தேர்தலுக்கு அப்புறமே படிவம் 6 கொடுத்துத் திரும்பச் சேர்த்திருந்தோம். இப்ப மறுபடியும் படிவம். இந்தத் தடவை பழைய திருத்தப் பட்டியல்ல, எங்க தொகுதிக்கு 2005, பேர் இருக்கான்னு தேடணும். ஸ்கேன் பண்ண பிடிஎஃப், சர்ச் வேலை செய்யாது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு பக்கமா ஓட்டினேன். பாட்டி பேர் மாரியம்மாள். அதுல 'மரியம்மா'ன்னு இருந்தது. தாத்தா பேரும் கதவு எண்ணும் பொருந்துச்சு, அதை வச்சுத்தான் பிஎல்ஓ அக்கா ஒத்துக்கிட்டாங்க. வரைவுப் பட்டியல்ல பேர் வந்துடுச்சு. எழுத்துப்பிழை அப்படியே இருக்கு, அதுக்கு படிவம் 8 போட்டிருக்கோம்.

உங்க வீட்டுல இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடு 1982 பரவூர் இடத்துக்குப் போறோம், மின்னணு இயந்திரம் முதல்ல ஓடின தேர்தல்.