இலையே கலம்: தோட்டப்புறத்திலிருந்து ஈப்போ வரை

உணவைக் கட்டுவதற்கு ஒன்று, வைத்து உண்பதற்கு மற்றொன்று, எடுத்து உண்பதற்கு வேறொன்று என இன்று நாம் மூன்று பொருள்களைத் தேடுகின்றோம். உண்டு முடித்த கால் மணி நேரத்தில் மூன்றும் குப்பைக்குப் போகின்றன. கட்டிய பொருளே உண்கலமாகவும், உண்ட கலமே மாட்டுக்குத் தீனியாகவும், எஞ்சியது வாழையடி எருவாகவும் அமைந்த ஒரு வாழ்க்கைமுறை பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் நம் கண்முன்னே இருந்தது. அது எவ்வாறு வந்தது, எதனால் நம் கையை விட்டு நழுவிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலையில் உண்ணும் வழக்கம் தமிழர்க்கு நேற்று வந்ததன்று. அகநானூற்றுப் பாடலொன்றில் ஆம்பலின் அகன்ற இலையில் சோறிட்டு, வைகறைப் பொழுதில் கணவர்க்குப் படைக்கும் பெண்டிரைக் காண்கின்றோம். மதுரை ஆயர்சேரியில் கண்ணகி கோவலனுக்கு இறுதியாக உணவு படைத்தது வாழையின் குருத்திலையில் என்கிறது சிலப்பதிகாரம். திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் வாடியபோது, இறைவன் அந்தணர் வடிவில் வந்து பொதிசோறு அளித்ததைப் பெரிய புராணம் கூறும். ஞீலி என்பது வாழையின் ஒருவகை. அத்தலத்தின் மரமும் அதுவே. ஆதலால் அப்பொதியைக் கட்டிய இலையும் வாழையிலையாகவே இருந்திருக்கும் என எண்ணுவதில் அடியேனுக்கு ஒரு மகிழ்ச்சி.

வாழை கிடைக்காத வறண்ட நிலத்து மக்கள் வேறு இலைகளை நாடினர். மந்தாரை, ஆல், புரசு ஆகியவற்றின் இலைகளை ஈர்க்கினால் தைத்துத் தையல் இலையும் தொன்னையும் செய்தனர். பனை மிகுந்த நெல்லைச் சீமையிலோ பட்டை என்றொரு கலம் உண்டு. பனையோலையை விரித்துக் குவித்து, நுனியை ஓலை நாராலேயே இறுக்கிக் கட்டினால் ஒரு சிறு தோணி உருவாகும். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டு, இரு கையாலும் ஏந்திப் பருகுவர். ஒரு சொட்டும் ஒழுகாது. கூழும், கொடை விழாவில் பங்கிட்ட கறிச்சோறும் பட்டையிலேயே வழங்கப்பெற்றன. செய்வதற்கு ஒரு நிமிடம், எறிந்தபின் மண்ணாவதற்குச் சில மாதங்கள். இதனினும் எளிய கலத்தை எந்தத் தொழிற்சாலை செய்துவிட முடியும்?

இத்தகைய மண்ணிலிருந்து புறப்பட்ட மக்களே கப்பலேறிப் பேராக் வந்து சேர்ந்தனர். 1877ஆம் ஆண்டில் கோலக்கங்சாரில் நடப்பெற்ற ரப்பர்க் கன்றுகளுடன் இம்மாநிலத்து ரப்பரின் வரலாறு தொடங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை ஏற, காடுகள் தோட்டங்களாயின. கங்காணி முறையில் ஆயிரமாயிரமாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை இவ்வருகை நீடித்தது.

லயத்து வாழ்க்கையின் துன்பங்களை ஈண்டு விரித்தல் வேண்டா. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடுவதற்கென ஒதுக்க வேண்டும் என்று போருக்கு முந்திய தொழிற் சட்டம் விதித்திருந்தது. எல்லாத் தோட்டங்களும் அதனை முறையாகப் பின்பற்றின என்று கூறுவதற்கில்லை. எனினும், லயத்தின் பின்புறம் ஒரு துண்டு மண் இருந்தது. அதில் கீரையும் முருங்கையும் மரவள்ளியும் வளர்ந்தன. துணி துவைத்த நீர் ஓடுமிடத்தில் ஒரு வாழைக்கூட்டம் நின்றது. நம் இலைப் பண்பாடு இந்நாட்டில் வேரூன்றியது அந்த வாழையடியில்தான்.

அன்றாடம் எல்லோரும் இலையில் உண்டனர் என்று எண்ணிவிடக் கூடாது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்வெட்டச் சென்றோர் பசியாறுவதற்குத் தூக்குச்சட்டியில்தான் எடுத்துச் சென்றனர். வீட்டில் மங்கு. இலை என்பது விருந்தினருக்கும் விழாவுக்கும் விரதத்துக்கும் உரியது. வெளியூர்ப் பயணத்துக்கும் உரியது. இரயிலேறுவதற்கு முந்திய இரவில் அம்மா வாழையிலையை அடுப்புத் தணலில் வாட்டுவார். பச்சை இலையை மடித்தால் நரம்போடு கிழியும். வாட்டிய இலை துணிபோல் வளையும். அதில் புளிச்சோற்றை வைத்து, நான்கு புறமும் மடித்து, வாழை நாரால் கட்டுவார். மறுநாள் நண்பகலில் அதனை மடிமீது பிரித்தால், கட்டிய பொதியே தட்டாக விரியும். வாட்டிய இலையின் மணம் சோற்றில் ஏறியிருக்கும். அந்த மணத்துக்காகவே பயணம் போக விரும்பிய சிறுவர்களுள் அடியேனும் ஒருவன்.

பொதிசோறே குற்றமான ஒரு காலமும் இம்மாநிலத்தில் இருந்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று 1950களில் கடுமையான உணவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. வேலி வாயிலில் சோதனை நடந்தது. ஒரு கவளம் சோற்றையும் வெளியே எடுத்துச் செல்லலாகாது. பால்மரத்து நிழலில் அமர்ந்து பொதியைப் பிரித்த மக்கள், வேலை முடிந்து வேலிக்குள் திரும்பும் வரை வெறும் வயிற்றுடன் உழைத்தனர். அந்நாளைய முதியோர் பலர் பிற்காலத்தில் ஒரு பருக்கையையும் இலையில் மிச்சம் வைக்காததன் காரணத்தை இதனுள்ளும் தேடலாம்.

இனி, விழாவுக்கு வருவோம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் முதல்நாள் மாலையில் இளைஞர்கள் கத்தியுடன் லயம் லயமாகப் புறப்படுவர். எந்த வீட்டு வாழையில் எத்தனை இலை என்பதற்குக் கணக்கில்லை, எவரும் மறுத்ததுமில்லை. கோயிலுக்கு இலை கொடுப்பதும் வரி கொடுப்பது போன்றதே. பெண்கள் அவற்றைத் துடைத்து, நுனியிலை வேறு, ஏட்டிலை வேறு எனப் பிரித்து அடுக்குவர். நுனி உண்பவரின் இடப்பக்கம் இருத்தல் வேண்டும். பந்தி எழுந்தபின் இலைகளைத் தோட்டத்து மாடுகள் பார்த்துக்கொண்டன. அன்று ‘குப்பை மேலாண்மை’ என்ற சொல்லை எவரும் அறிந்திருக்கவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை.

இந்த ஏற்பாடு குலைந்தது சுவை மாறியதாலன்று. நிலம் மாறியதால் ஆகும். 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவற்றை வாங்கியோர் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கையளித்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இச்சூழலில்தான். அச்சங்கம் காத்தவை சில, கைமாறியவை பல. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அருகே வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. 1980, 1990களில் நம் மக்கள் திரளாக ஈப்போவுக்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தனர். ஈப்போவும் 1988 மே 27இல் மாநகராயிற்று. மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வாழைக்கு எங்கே இடம்? தோட்டத்தில் காசின்றிக் கிடைத்த இலை சந்தையில் காசுக்கு விற்கும் பொருளானது. அதே வேளையில் அதனினும் மலிவாகவும் அடுக்க எளிதாகவும் போலிஸ்டிரின் பெட்டி வந்து சேர்ந்தது. இலை மேல் நமக்கு வெறுப்பு உண்டாகவில்லை. வாழைக்கூட்டத்தை இழந்தோம், இலையும் உடன் போயிற்று.

ஈப்போவிலேயே இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் உண்டு. புந்தோங்கில் உள்ள கச்சாங் பூத்தே கம்பத்தை அறியாதார் இலர். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி ஆகியவற்றை வறுத்தும் பொரித்தும் நாடெங்கும் புகழ்பெறச் செய்த இடம் அது. தலையில் தட்டைச் சுமந்து, திரையரங்க வாசலிலும் பள்ளி வாசலிலும் நின்ற அவ்வியாபாரிகள், பழைய தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி அதில் கடலையை அள்ளிப் போடுவர். கூம்பே பொட்டலம், கூம்பே கிண்ணம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தவாறே உண்ணலாம். தட்டு வேண்டா, கரண்டி வேண்டா. பனையோலையைக் குவித்துப் பட்டை செய்த கைகள் பனை அரிதான இந்நாட்டில் தாளைக் குவிக்கக் கற்றுக்கொண்டன என்று அடியேன் கருதுவதுண்டு. இது சான்றுடன் நிறுவிய முடிபன்று. பார்த்தவன் மனத்தில் தோன்றிய ஒப்புமையே. அச்சு மை எண்ணெய்ப் பண்டத்தில் படிவது உடலுக்கு ஏற்றதன்று என்று 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்திருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழையன எல்லாம் நல்லன அல்ல.

நம் அண்டை அயலாரும் இக்கலையில் வல்லவர்களே. மலாய்க்காரரின் நாசி லெமாக் வாழையிலையில் மடித்து, மேலே தாள் சுற்றி வருவது. பிரித்தால் அதுவே தட்டு. ஆனால் இன்று பல கடைகளில் பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாளின் நடுவே உள்ளங்கையளவு இலைத்துண்டு ஒன்று மணத்துக்காக வைக்கப்படுகின்றது. வாழையிலையைப் போலவே பச்சை வண்ணம் அச்சிட்ட தாளும் வந்துவிட்டது. அதனைத் தின்னும் மாடு எங்கும் இல்லை.

மேல்நாட்டிலும் இவ்வெண்ணம் பழையதே. இடைக்கால ஐரோப்பியர் காய்ந்த ரொட்டித் துண்டத்தைத் தட்டாக வைத்து, அதன்மேல் இறைச்சியை இட்டு உண்டனர். சாறு ஊறிய அத்தட்டு பின்னர் ஏழைகளுக்கோ நாய்க்கோ போயிற்று. 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் பெரும்புகழ் பெற்ற ஐஸ்கிரீம் கூம்பு, கலத்தையும் சேர்த்தே உண்ணும் வழியைக் காட்டிற்று. ஐதராபாத்தில் நாராயண பீசபாட்டி என்பவர் 2010இல் ஒரு நிறுவனம் தொடங்கிச் சோளமும் அரிசியும் கோதுமையும் கலந்து கரண்டிகளைச் செய்தார். உணவை உண்டபின் கரண்டியையும் கடித்து உண்ணலாம்.

அரசுகளும் விழித்துக்கொண்டன. 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து பலர் உயிரிழந்தபின், அவ்வாண்டு செப்டம்பரில் இலங்கை போலிஸ்டிரின் உணவுப் பெட்டிக்கும், சோறு கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கும் தடை விதித்தது. அதே மாதத்தில் நம் நாட்டின் கூட்டரசுப் பிரதேசங்களிலும் அப்பெட்டிக்குத் தடை வந்தது. 2018இல் மலேசிய அரசு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதற்கான திட்டத்தை வெளியிட்டது. தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து பிளாஸ்டிக் தட்டும் குவளையும் தடைசெய்யப்பட்டன.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடிகள் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானமும் நிறைந்திருப்பதைக் கண்டு மகிழாதார் யார்? ஆனால் ஓராண்டு, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பந்தலின் பின்புறம் மழைநீர் பெருகிய கால்வாயில் வெள்ளைப் பெட்டிகள் மிதந்து சென்றதையும் கண்டேன். அந்நீர் போய்ச் சேருமிடம் கிந்தா ஆறு. அன்று அப்பெட்டிகளில் சோறு பரிமாறிய கைகளுள் அடியேனுடையவையும் இருந்தன.

அதன்பின் அன்னதானக் குழுவில் இது பற்றிப் பேசினோம். விவாதம் சற்றுச் சூடாகவே நடந்தது. இலைக்கு ஆகும் செலவு, மழையில் நனைந்தால் வரும் தொல்லை, நின்றவாறு உண்போர் இலையை எப்படி ஏந்துவர் என்னும் கேள்வி ஆகிய யாவும் நியாயமானவையே. முதிய அம்மையார் ஒருவர் மட்டும், "ஏந்த முடியலன்னா உக்காந்து சாப்பிடட்டுமே தம்பி" என்றார். உட்கார்வதற்குப் பாய் விரிப்பது என முடிவாயிற்று.

ஆலயத்தின் பின்புறத்தில் இப்போது பன்னிரண்டு வாழைகள் நிற்கின்றன. நல்ல வாழை ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை விடும். பெரிய இலையொன்று நறுக்கினால் மூன்று நான்கு பேருக்கு ஆகும். குலை சிறுக்காதிருக்க வேண்டுமானால் எல்லா இலையையும் வெட்டவும் கூடாது. ஆயிரம் பேர் அமரும் பந்திக்கு முந்நூறு இலை வேண்டும். எஞ்சியதற்குச் சந்தையையே நம்பியிருக்கின்றோம். வீட்டில் வாழை வைத்திருப்போர் திருவிழாவுக்கு முதல்நாள் மாலை ஐந்து மணிக்குள் மடைப்பள்ளியில் இலைகளைச் சேர்ப்பிக்கலாம்.